கிளாக் ஓடினால் பக்கத்து ரேடியோ இரைகிறதா? எங்கிருந்து தொடங்கிச் சரிசெய்வது

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு நடை போய் வந்தால், எழுத்து ஓடும் எல்இடி பலகை இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதில் நிறையப் பலகைகளை உள்ளூர்ப் பிள்ளைகளே ஒரு இஎஸ்பி32 (புரோகிராம் ஓட்டும் சிப் போர்டு), நாலைந்து பி10 பேனல் (எல்இடி புள்ளிகள் அடுக்கிய பலகைத் துண்டு), ஒரு எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை) வாங்கிச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். எழுத்து அழகாகத்தான் ஓடுகிறது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் பக்கத்து டீக்கடை எஃப்எம்மில் பாட்டுக்குப் பதில் கரகரப்பு. கடைக்கார அண்ணன் உடனே சொல்வது ஒன்றுதான்: "தம்பி, எர்த் சரியில்லை போல, அதைப் பாரு."

எர்த்தைப் பார்க்கத்தான் வேண்டும், ஷாக் அடிக்காமல் இருக்க. இந்த இரைச்சலுக்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. ஒரு மீட்டர் நீளக் கம்பிக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 100 மெகா ஹெர்ட்ஸில் அது 600 ஓமுக்கு மேல் தடையாக நிற்கும். எர்த் குழி இருப்பதோ கொல்லையில். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் கம்பி எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் காய்ந்துபோன குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் 50 ஹெர்ட்ஸுக்கு நல்லது, 100 மெகா ஹெர்ட்ஸுக்கு அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது.

முதல் முறையாக வேகமான டிஜிட்டல் போர்டு போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்பதால் பி10 பலகையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தோட்டத்து போர்வெல் மோட்டாருக்கு மொபைலில் இயங்கும் ஸ்டார்ட்டர் செய்கிறீர்களா, கேமரா போர்டு போடுகிறீர்களா, வேலை செய்யும் வரிசை இதேதான்.

கொஞ்சம் கணக்கு, பிறகு வேலை

சிப்பும் பேனலும் தாளம் தப்பாமல் வேலை செய்ய ஓடும் துடிப்புதான் கிளாக். அது 20 மெகா ஹெர்ட்ஸ்தானே, எஃப்எம் 88-இல்தானே தொடங்குகிறது என்று கேட்பார்கள். சதுர அலை தன் மடங்குகளையும் கூட்டிக்கொண்டு வரும். 20-இன் ஐந்தாவது மடங்கு 100, எஃப்எம்மின் நடுவில் போய் உட்காரும். இந்த மடங்குகள் எவ்வளவு தூரம் மேலே போகும் என்பதைத் தீர்மானிப்பது கிளாக்கின் வேகத்தைவிட, சிக்னல் பூஜ்யத்திலிருந்து மேலே ஏறும் நேரம். 0.35-ஐ அந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: ஒரு நானோ செகண்டில் ஏறினால் 350 மெகா ஹெர்ட்ஸ் வரை கணிசமாகச் சத்து இருக்கும். விநாடிக்கு ஒரு முறை மட்டும் மாறும் பின்னிலும் (சிப்பின் கால்), மாறும் அந்தக் கணத்தில் இதே கதைதான். புதிய சிப் எல்லாம் சின்ன டிரான்சிஸ்டர், வேகமான விளிம்பு (சிக்னலின் அந்த ஏற்ற இறக்கம்). பத்து வருஷத்துக்கு முன் அமைதியாக இருந்த அதே டிசைன், சிப்பை மட்டும் மாற்றியதும் இரைவதற்கு இதுதான் காரணம்.

வெளியே கதிராகப் போவது இரண்டு வழியில். ஒன்று, சிக்னல் போய்த் திரும்பும் பாதை போடும் வளையம். வளையத்தின் பரப்பு கூடினால் கூடும், அதிர்வெண் இரட்டித்தால் நாலு மடங்காகும். இரண்டாவது, போர்டிலிருந்து வெளியே தொங்கும் கேபிள். இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை, ஆனால் 300 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே முக்கால்வாசிக் குற்றவாளி இதுதான். ஒரு மீட்டர் கேபிளில் திரும்பும் துணையில்லாமல் வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் 50 மெகா ஹெர்ட்ஸில் ஓடினால் போதும், 3 மீட்டர் தூரத்தில் வீட்டு உபயோகப் பொருளுக்கான வரம்பைத் தொட்டுவிடும். 5 மில்லி இல்லை, மைக்ரோ. சாதாரண மல்டிமீட்டரில் இதைப் பார்க்கவே முடியாது.

முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு கை வையுங்கள்

ஃபெரைட்டை (கேபிளில் மாட்டும் காந்தப் பொருள் வளையம்) வாங்கி வந்து கண்ட இடத்தில் மாட்டுவது எல்லோரும் செய்வது. எந்த அதிர்வெண், எந்தக் கம்பி என்று தெரியாமல் மாட்டினால் காசுக்குத்தான் கேடு.

கையில் ஒன்றும் இல்லையென்றால் முள் நகரும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று தேடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் மரத்தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் நடுவே ஏதாவது ஒன்று தூசியோடு கிடக்கும். பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். மீடியம் வேவில் வைத்துப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டு போனால் எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் கேட்கும். எஃப்எம்மில் வைத்தால் கிளாக்கின் மடங்குகள். ஒரு விஷயம் கவனியுங்கள்: எஃப்எம்மில் கரகரப்பு வந்தால்தான் கோளாறு என்பதில்லை. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் கேட்கும் 'உஸ்' சத்தம் திடீரென அடங்கிப் போனாலும் அங்கே ஓர் அலை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பலகையை அணைத்ததும் 'உஸ்' திரும்பி வந்தால் ஆள் பிடிபட்டான்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) ஒன்று. சுமார் 24 மெகா ஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகா ஹெர்ட்ஸ் வரை கம்ப்யூட்டரில் படமாகவே காட்டும். டைனிஎஸ்ஏ என்ற கையடக்கக் கருவி இன்னும் வசதி. இவற்றோடு சேர்க்க ஒரு வளைய ஆன்டெனா நீங்களே செய்யலாம்: மெல்லிய கோ-ஆக்ஸ் கேபிளின் நுனியில் உள்கம்பியை இரண்டு சென்டிமீட்டர் வட்டமாக வளைத்து வெளிப் பின்னலில் பற்றவையுங்கள், மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். போர்டின் மேல் மெதுவாக நகர்த்தினால் எந்த டிரேஸ் (போர்டில் பதித்த செம்புத் தடம்), எந்த சிப் என்று அது காட்டிக் கொடுக்கும். 230 வோல்ட் ஓடும் பக்கம் மட்டும் இதைக் கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் வரிசையாகப் பாருங்கள். பலகையை அணைத்துவிட்டு ஏற்கெனவே காற்றில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்எம் ஸ்டேஷனும் மொபைல் டவரும் உங்கள் போர்டின் குற்றம் இல்லை. பிறகு பவர் மட்டும். பிறகு பவரோடு புரோகிராம், ஆனால் பேனலுக்கு கிளாக் போகாமல். கடைசியில் முழுசாக. கிளாக் நின்ற பிறகும் இரைகிறதென்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் போங்கள். கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கியதும் சட்டென்று குறைகிறதோ அதுதான் ஆன்டெனா. எத்தனை டெசிபல் குறைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் வேலை செய்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதை மாற்றியதால் குறைந்தது என்று உங்களுக்கே தெரியாது.

காசு செலவில்லாத மருந்து

புரோகிராமிலேயே விளிம்பை மந்தப்படுத்தலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. எஸ்டிஎம்32 சிப்பில் ஒவ்வொரு பின்னுக்கும் வேகம் அமைக்கும் ரெஜிஸ்டர் இருக்கிறது. உதாரண நிரலில் 'மிக வேகம்' என்று இருப்பதை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறோம். ஆர்பி2040 சிப்பில் விளிம்பு வேகத்துக்கு ஓர் அமைப்பு, ஓட்டும் வலிமைக்கு 2, 4, 8, 12 மில்லி ஆம்பியர் என்று நாலு படி. இஎஸ்பி32-இலும் வலிமைக்கு நாலு படி உண்டு. பேனல் சரியாக எரியும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். கிளாக் 20-க்குப் பதில் 10 மெகா ஹெர்ட்ஸில் எழுத்து சிமிட்டாமல் ஓடுகிறதென்றால் 10-இலேயே விடுங்கள்.

அடுத்தது சில காசு மருந்து: சிக்னல் கிளம்பும் பின்னுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக. சிப்பின் உள்தடை ஏறக்குறைய 20 ஓம், இது 33, இரண்டும் சேர்ந்தால் 50 ஓம் டிரேஸுக்குப் பொருந்தும். முனையில் மோதித் திரும்பி வரும் அலை அடங்கும். போய்ச் சேரும் இடத்தில் போட்டால் இந்த வேலை நடக்காது, கிளம்பும் இடத்தில்தான் போட வேண்டும். பேனலுக்குப் போகும் ரிப்பன் கேபிளின் இம்பிடன்ஸ் (அலைக்குக் காட்டும் தடை) 50-ஐ விட அதிகம் என்பதால் அங்கே 68, 82, 100 என்று ஏற்றிப் பார்க்கலாம்.

எந்த டிரேஸுக்கு இது தேவை? போர்டில் சிக்னல் நானோ செகண்டுக்கு 15 சென்டிமீட்டர் போகும். ஏறும் நேரத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலை இல்லை, அதாவது ஒரு நானோ செகண்ட் விளிம்புக்கு இரண்டரை சென்டிமீட்டர். அதற்கு மேல் எல்லாமே நீளமான டிரேஸ்தான். ஆசிலாஸ்கோப்பில் அலைவடிவம் பார்க்கும்போது முதலைக் கிளிப் போட்ட நீள கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு முனையில் சுருள் கிரவுண்டை மாட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கம்பி தானே ஆடி, இல்லாத ஆட்டத்தைத் திரையில் காட்டும்.

திரும்பும் பாதை: இதில்தான் போர்டின் தலையெழுத்து

சிக்னல் போகும் வழியை எல்லோரும் கவனமாக வரைகிறோம். திரும்பும் கரண்ட் எந்த வழியில் வருகிறது என்று கேட்டால் "கிரவுண்டில்" என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான் (கொல்லை எர்த் இல்லை, போர்டின் பூஜ்ய வோல்ட் செம்புப் பரப்பு). மெதுவான கரண்ட் கிரவுண்ட் முழுக்கப் பரவித் தடை குறைந்த வழியில் வரும். சில நூறு கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் அது இண்டக்டன்ஸ் குறைந்த வழியைத் தேடும். அந்த வழி சரியாக உங்கள் டிரேஸுக்கு அடியில்தான் இருக்கிறது. அடியில் கிரவுண்ட் முழுசாக இருந்தால் ஒட்டிக்கொண்டே திரும்பும், வளையம் சிறுசு, கதிர் குறைவு.

நடுவே கிரவுண்டை வெட்டி ஒரு டிரேஸை ஓட்டினீர்கள் என்று வையுங்கள். கானாடுகாத்தானில் ஏதாவது பெரிய வீட்டுக்குள் போயிருந்தால் தெரியும்: வளவில் எதிர்ப் பக்க அறை கண்ணுக்கு நேரே தெரியும், ஆனால் நடுவில் முற்றம், மழை நாளில் தூணோரமாகச் சுற்றித்தான் போய்ச் சேர வேண்டும். மேலே சிக்னல் அந்த வெட்டை ஒரே தாவில் தாண்டிவிடுகிறது, கீழே திரும்பும் கரண்ட்டோ முழுச் சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்றுதான் ஆன்டெனா.

அதனால் சில கண்டிப்பான பழக்கங்கள். வேகமான டிரேஸ் எதுவும் கிரவுண்டின் வெட்டுக்கு மேல் போகக் கூடாது. டிரேஸ் ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்கு வயா (அடுக்குகளை இணைக்கும் செம்பு பூசிய துளை) வழியாக இறங்கினால் பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் வயாவும் இறங்க வேண்டும், திரும்பும் கரண்ட்டும் அடுக்கு மாற வேண்டுமே. கனெக்டர் பின்களைச் சுற்றி வரிசையாகத் துளைகள் வந்து கிரவுண்டில் நீளப் பிளவு விழுந்திருக்கிறதா என்று போர்டு தயாரிக்க அனுப்பும் கெர்பர் கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள்; மென்பொருள் இதைத் தப்பு என்று சொல்லாது. அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டாக வெட்டச் சொல்லும் பழைய யோசனையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். கிரவுண்ட் ஒன்றாகவே இருக்கட்டும், பாகங்களை மட்டும் தனித்தனி மூலையில் வையுங்கள்.

இரண்டு அடுக்கா, நாலு அடுக்கா? காசு கொஞ்சம் கூடினாலும் நாலு அடுக்கு என்றுதான் சொல்வேன். 1.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு அடுக்கு போர்டில் டிரேஸுக்கும் கிரவுண்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. அதே தடிமனில் நாலு அடுக்கு போட்டால் மேல் அடுக்குக்கும் அதன் அடியில் உள்ள கிரவுண்டுக்கும் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர்தான். வளையம் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது, கணக்குப்படி 17 டெசிபல் லாபம், வேறு ஒன்றுமே செய்யாமல். உள் அடுக்கு இரண்டையும் கிரவுண்டாகவே விட்டுவிட்டு, பவரை அகலமான டிரேஸாக வெளி அடுக்குகளில் ஓட்டுவது புதியவர்களுக்குச் சுலபம். இரண்டு அடுக்கில்தான் முடியும் என்றால் கீழ் அடுக்கைக் கிரவுண்டுக்கே எழுதிவைத்துவிடுங்கள். கீழே டிரேஸ் போயே ஆக வேண்டுமென்றால் ஒரு சென்டிமீட்டர் தாண்டாத குட்டிப் பாலமாக இருக்கட்டும்.

கெப்பாசிட்டர் பற்றி சுருக்கமாக

ஒவ்வொரு பவர் பின்னுக்கும் ஒரு 100 நானோ ஃபாரட், பின்னை ஒட்டி. எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இது: பொருத்தும் முறையில் 1 நானோ ஹென்றி சேர்ந்தால் 16 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் அது கெப்பாசிட்டராக இல்லாமல் இண்டக்டராக நடக்க ஆரம்பிக்கும். ஆகவே மதிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட வயாவை பேடுக்கு (பாகத்தைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) ஒட்டிப் போடுவது, முடிந்தால் இரண்டிரண்டாகப் போடுவது, சின்ன அளவு கெப்பாசிட்டரை எடுப்பது, இதெல்லாம்தான் பலன் தரும். 100, 10, 1 என்று மூன்று மதிப்பை அடுக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அவை ஒன்றோடொன்று சேர்ந்து இடையில் ஓர் அதிர்வெண்ணில் நிலைமையை மோசமாக்கவும் கூடும். ஒரே மதிப்பில் நாலைந்து போடுங்கள்.

கேபிள்

பி10 கலர் பேனலின் 16 கம்பி ரிப்பனை எடுத்துப் பாருங்கள். கிளாக் 13-ஆவது கம்பியில் வருகிறது. அதன் இரண்டு பக்கமும் 12, 14. சில பேனல்களில் 12 கிரவுண்டாக இருக்கும், அப்படியென்றால் அதிர்ஷ்டம்; மற்றவற்றில் இரண்டுமே கிரவுண்ட் இல்லை. அங்கே மிக அருகில் உள்ள கிரவுண்ட் 16-இல், மூன்று கம்பி தள்ளி. அதாவது இருப்பதிலேயே சுறுசுறுப்பான கம்பிக்குத் துணை தூரத்தில் நிற்கிறது. வடிவமைத்தவர்களைத் திட்டிப் பயனில்லை, பேனல் அப்படித்தான் வரும். நாம் செய்யக்கூடியது: ரிப்பனை முடிந்த மட்டும் குட்டையாக வைப்பது, கன்ட்ரோலரை (இஎஸ்பி32 உள்ள போர்டு) ஓரமாக மாட்டி அரை மீட்டர் இழுக்காமல் முதல் பேனலின் முதுகிலேயே மாட்டுவது, ரிப்பனை பேனலின் உலோகச் சட்டத்தோடு ஒட்டிப் படுக்க வைத்து, அந்தச் சட்டத்தைக் கன்ட்ரோலரின் கிரவுண்டோடு குட்டையான அகலப் பட்டையால் இணைப்பது. சொந்தமாகக் கனெக்டர் தேர்ந்தெடுக்கும் போர்டில் ஒரு சிக்னல், ஒரு கிரவுண்ட் என்று மாற்றி மாற்றி வையுங்கள், பின் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

5 வோல்ட் பவர் கம்பியில் சிவப்பும் கறுப்பும் பிரிந்து ஆளுக்கொரு வழியில் போவதைப் பாதிப் பலகைகளில் பார்க்கலாம். இரண்டையும் முறுக்கி ஒன்றாக ஓட்டுங்கள்.

ஃபெரைட் இப்போதுதான் வருகிறது. கேபிள் போர்டை விட்டு வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், நடுவழியில் இல்லை. போகும் கம்பி, வரும் கம்பி இரண்டும் ஒரே வளையத்துக்குள் போக வேண்டும். சிவப்பை மட்டும் விட்டால் அத்தனை ஆம்பியரில் ஃபெரைட் நிறைந்துபோய் வெறும் கல்லாகிவிடும். இரண்டு சுற்று சுற்றினால் பலன் ஏறக்குறைய நாலு மடங்கு, அதற்கு மேல் சுற்றச் சுற்ற உயர் அதிர்வெண்ணில் பலன் குறையத் தொடங்கும். ஷீல்டு கேபிள் என்றால் பின்னலை முறுக்கி ஒரு வால் போல ஆக்கி ஒற்றைக் கம்பியாகப் பற்றவைக்க வேண்டாம், கனெக்டரின் உலோக உறையை முழுவட்டமாகத் தொடும்படி பிடிக்க வேண்டும்.

போர்டு வரையும்போதே முடிவு செய்ய வேண்டிய ஒன்று: எல்லாக் கனெக்டரையும் ஒரே ஓரத்தில் வையுங்கள். இடப்பக்கம் பவர், வலப்பக்கம் ரிப்பன் என்று வைத்தால், நடுவில் கிரவுண்டில் எழும் சில மில்லி வோல்ட்டே இரண்டு கேபிளையும் இரு கை விரித்த ஆன்டெனாவாக்கிவிடும்.

எஸ்எம்பிஎஸ், பெட்டி

மலிவான எஸ்எம்பிஎஸ்ஸைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, சற்று நேரம் விட்டுத் திறந்து பார்த்தால் (உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் கடிக்கும், ஜாக்கிரதை) ஏசி உள்ளே வரும் இடத்தில் வடிகட்டிச் சுருளுக்கு அச்சிட்ட இடம் காலியாக, இரண்டு ஜம்பர் கம்பியோடு இருப்பதைப் பலமுறை காணலாம். மீடியம் வேவ் இரைந்தால் அங்கே பாருங்கள். மாற்றி வாங்குவதுதான் சரி. அந்தப் பக்கம் சொந்தமாகப் பற்றவைக்கப் பழகாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

"இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் என்ன?" பலகைக்கு முன்பக்கம் திறந்துதானே இருக்கிறது. முழுப் பெட்டியாகவே இருந்தாலும் ஓட்டையின் பரப்பைவிட நீளம்தான் முக்கியம்: 15 சென்டிமீட்டர் நீள இடுக்கு, பிளேடு நுழையும் அகலம்தான் என்றாலும், 1 கிகா ஹெர்ட்ஸில் நல்ல ஆன்டெனா. மூடி உட்காரும் விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டாமல் திருகினால் உலோகம் உலோகத்தைத் தொடவே தொடாது. பெட்டியை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கூடத்துக்குப் போகும் முன்

விற்பனைக்குப் போகும் பொருள் என்றால் முறையான சோதனை வேண்டும். சென்னை தரமணியில் உள்ள சமீர் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில் இதற்கான வசதி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான சிஸ்பிஆர் 32 என்ற சர்வதேசத் தரத்தின் வகுப்பு பி வரம்பு, 10 மீட்டர் தூரத்தில், 30 முதல் 230 மெகா ஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 30 டெசிபல் மைக்ரோ வோல்ட், அதற்கு மேல் 1 கிகா வரை 37.

அங்கே போகும் முன் ஒத்திகை ஒன்று பார்த்துவிடுவது நல்லது, அதற்கு நம்மூரைவிட வசதியான இடம் கிடையாது. ஊருக்கு வெளியே வறண்ட கண்மாய்க்குள் மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து, 80 சென்டிமீட்டர் உயர மர மேசையில் ஒற்றைப் பேனலை வைத்துப் பவர் பேங்கில் ஓட்டி, 3 மீட்டர் தள்ளி டாங்கிளோடு லேப்டாப்பை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். செட்டியார் வீட்டுத் திண்ணையில் பார்ப்பதைவிடப் பின்னணி எவ்வளவோ சுத்தமாக இருக்கும். எண்ணை அப்படியே நம்பாதீர்கள், மாற்றத்துக்கு முன், பின் என்று ஒப்பிட மட்டும்தான் இது.

சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறும்போது பையில் போர்டு மட்டும் போதாது. பல அளவில் கிளிப் ஃபெரைட், செம்பு நாடா, 22-லிருந்து 100 ஓம் வரை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் பட்டைகள், சால்டரிங் அயர்ன், குட்டையான மாற்றுக் கேபிள் எல்லாம் போகட்டும். கிளாக் 20, 10, முழு வலிமை, குறைந்த வலிமை என்று புரோகிராமை நாலு விதமாக முன்கூட்டியே தொகுத்து லேப்டாப்பில் பெயர் எழுதி வையுங்கள், ஏனென்றால் சோதனைக்கூடத்தில் மணிக்கணக்கில்தான் காசு, அங்கே உட்கார்ந்து நிரல் எழுத நேரம் கிடைக்காது.